சண்முக நதியில் முழுகி, படியேறி…

என் கணவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் மகனுக்கு முடியிறக்கி, தான் படியேறி வருவதாக அத்தை பழனியாண்டவரிடம் வேண்டியிருந்தார். பங்குனி உத்திர நெரிசலிலேயே போக வேண்டும் என்பதும் அவர் முடிவுதான்.

முடியிறக்கியதும் சண்முக நதி. பாலாறு, பொருந்தலாறு என மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் கூடி, அமராவதியில் போய்ச் சேரும் நதி. அதில் முழுகாமல் மலையேறினால் அரை வேண்டுதல் என்பார் அத்தை. முழங்கால் அளவுத் தண்ணீர். கரையெங்கும் பழைய வேட்டிகள், ஷாம்பு உறைகள். சுவாமிக்கு முடியைக் கொடுத்துவிட்டு ஆற்றுக்குக் குப்பையைக் கொடுக்கிறார்கள்! மயிலுக்குக் குளிருமென்று போர்வை போர்த்திய பேகன் ஆண்ட சீமை இது. ஆற்றுக்கு இரங்கத்தான் ஆளில்லை.

அடிவாரத்தில் ஒருவர் விடாமல் பின்தொடர்ந்தார். அவர் காட்டும் கடையில் பூஜைத் தட்டு வாங்கினால் வரிசையே வேண்டாமாம். அத்தை திரும்பிப் பார்த்த பார்வையில் ஆள் காணாமல் போனார்.

அடிவாரத்துத் திருவாவினன்குடி கோயிலில் கும்பிட்டுவிட்டு, டாக்டர் சொன்னபடி இவரை மட்டும் மலைமேல் இழுத்துச் செல்லும் விஞ்ச் வண்டியில் அனுப்பினோம். 1966 முதல் ஓடுகிறது. அத்தை அதன் பக்கமே போனதில்லை. மொத்தம் 693 படிகள். இடும்பன் சன்னதி தாண்டியதும் முழங்கால் மறுத்து உட்கார்ந்துவிட்டார். அப்போது கொடுமுடியிலிருந்து காவிரித் தீர்த்தம் சுமந்து நடந்தே வந்த கூட்டம் ஒன்று எங்களைக் கடந்தது. வெறுங்காலெல்லாம் கொப்புளம். வாயில் அரோகரா மட்டும். அத்தை என் தோளைப் பிடித்து எழுந்துவிட்டார்.

மணிக்கணக்கில் நின்றும், சன்னதியில் ஒரு நிமிடம் நிற்க விடவில்லை. தண்டூன்றி ஆண்டிக் கோலத்தில் அவன். சித்தர் போகர் ஒன்பது பாஷாணங்களைக் கூட்டி, நவபாஷாணத்தில் வடித்ததாகச் சொல்லும் அந்த முகத்தைப் பார்த்ததும், கேட்க நினைத்ததெல்லாம் மறந்துபோயிற்று. பக்கத்தில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இவர். சட்டையில்லாத மார்பில் தையல் தழும்பு. அத்தை அதன்மேல் விரலை வைத்து, "பார்த்துக்கொள் அப்பா, நீ கொடுத்தது" என்றார். அங்கே நின்று தள்ளிக்கொண்டிருந்தவர்கூட அந்தக் கணம் எங்களைத் தள்ளவில்லை. முருகா, அந்த ஒரு கணத்துக்கு என்ன கைம்மாறு செய்வேன்!

பிறகு போகர் சமாதி, விருப்பாச்சி வாழைப்பழ மணத்தோடு பஞ்சாமிர்தம் எல்லாம் ஆயிற்று. எது முன், எது பின் என்று நினைவில்லை. அடுத்த பங்குனிக்குக் கொடுமுடித் தீர்த்தம் எடுத்து வருவதாக அத்தை அங்கேயே வேண்டிக்கொண்டார், என்னையும் சேர்த்து. அரோகரா!