மிடி-சிவி பெட்டி: வேலைமேசை நாட்குறிப்பு

ஜனவரி 6, 2025

கட்டப்போவது ஒற்றைக் குரல் மிடி-சிவி பெட்டி. கீபோர்டிலிருந்து ஐந்து பின் கேபிளில் வரும் மிடியை (எந்த விசை, எப்போது என்று சொல்லும் டிஜிட்டல் செய்தி) வாங்கி, அனலாக் சிந்தசைசருக்குப் புரிகிற இரண்டு மின்னழுத்தங்களாகத் தர வேண்டும். சுரத்துக்கு, ஆக்டேவுக்கு 1 வோல்ட் என்ற கணக்கில் சிவி (கட்டுப்பாட்டு மின்னழுத்தம்). விசை அழுந்தியிருக்கும் வரை 5 வோல்ட் கேட்.

சாமான்கள்: ஆர்டுயினோ நானோ (ஏடிமெகா328பி, 16 மெகாஹெர்ட்ஸ்), 6என்138 ஆப்டோகப்ளர் (மின்தொடர்பு இல்லாமல் ஒளியால் சிக்னலைக் கடத்துவது), எம்சிபி4822 டாக் (எண்ணை மின்னழுத்தமாக்குவது), டிஎல்072 ஆப்-ஆம்ப் (பெருக்கி), ஒரு 1என்4148 டயோடு, 220 ஓம், 470 ஓம், 1 கே, 10 கே ரெசிஸ்டர்கள், ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு 100 நானோஃபாரட், எஸ்எஸ்டி1306 ஓஎல்இடி திரை. ஆப்-ஆம்புக்குப் பிளஸ்-மைனஸ் 12 வோல்ட். 10 கே-யில் டாக்குப் பக்கத்தில் போகும் இரண்டும் 1% மெட்டல் ஃபிலிமாக இருக்கட்டும். மற்றவை எதுவானாலும் பரவாயில்லை.

கிரிஸ்டல் 16 மெகாஹெர்ட்ஸ்தான் என்பதில் சமரசம் வேண்டாம். மிடியின் வேகம் வினாடிக்கு 31250 பிட். 16 மெகாஹெர்ட்ஸை 16-ஆல் வகுத்து, அதை 32-ஆல் வகுத்தால் மிச்சமில்லாமல் 31250 வரும். ரெஜிஸ்டரில் எழுதுவது ஒன்று குறைத்து 31. கணினி சீரியலுக்குப் பிரியமான 11.0592 மெகாஹெர்ட்ஸ் இங்கே சரியாக வகுபடாது. சிப்புக்குள் இருக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் ஆசிலேட்டரோ தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 10% வரை தள்ளியிருக்கலாம். காலையில் வேலை செய்து, மேசை விளக்கின் சூட்டில் மதியம் உளறும் பெட்டிகளுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஜனவரி 8

டின் சாக்கெட். வளைவின் வழியே பின் எண்கள் 1, 4, 2, 5, 3 என்று போகும். வரிசையாக 1, 2, 3 என்று எண்ணினால் கதை அங்கேயே முடிந்தது. பிளக்கின் முகத்தைப் பார்ப்பதும் சாக்கெட்டின் சால்டர் பக்கத்தைப் பார்ப்பதும் ஒரே வரிசை. சாக்கெட்டின் முகப்பிலிருந்து பார்த்தால்தான் இடம் வலம் மாறும். பழைய ஏடி கணினிக் கீபோர்டின் ஐந்து பின் சாக்கெட்டும் இதே 180 டிகிரி வகை, கழற்றிப் பயன்படுத்தலாம்.

இன் பக்கம்: 4ஆம் பின்னிலிருந்து 220 ஓம் வழியாக 6என்138-இன் 2ஆம் கால். 5ஆம் பின் நேராக 3ஆம் கால். இரண்டு கால்களுக்கும் குறுக்கே 1என்4148, அதன் கோடு போட்ட முனை 2ஆம் கால் பக்கம். சாக்கெட்டின் 2ஆம் பின்னில் எதையும் இணைக்கக் கூடாது. கேபிளின் ஷீல்டு அனுப்பும் பெட்டியில் மட்டும் கிரவுண்டைத் தொட வேண்டும். இங்கேயும் தொட்டால் ஆப்டோகப்ளர் போட்டதன் பலனே போய், 50 ஹெர்ட்ஸ் உறுமலும் யுஎஸ்பியின் கீச்சுச் சத்தமும் ஒலியில் ஏறும்.

4-ஐயும் 5-ஐயும் மாற்றிப் போட்டால் எதுவும் எரியாது, எதுவும் வராது. அந்த டயோடு இருப்பதே இதற்காகத்தான்.

கணினி இல்லாமல் அனுப்பும் பக்கத்தைச் சோதிக்க ஒரு சாதாரண எல்இடி போதும். அவுட் சாக்கெட்டின் 4-இல் நீளக் கால், 5-இல் குட்டைக் கால். விசையை அழுத்தினால் மங்கலாக மினுக்கும். ஆக்டிவ் சென்சிங் ('இணைப்பில்தான் இருக்கிறேன்' என்று விடாமல் சொல்லும் செய்தி) அனுப்பும் கீபோர்டானால் தொடாமலே லேசாகத் துடிக்கும். சும்மா இருக்கும்போது எல்இடி திடமாக எரிந்தால் அனுப்பும் பக்கத்தில் சிக்னல் தலைகீழ்.

ஜனவரி 9

நானோவில் கோடு (நிரல்) ஏற மறுக்கிறது. யுஎஸ்பி சிப்பிலிருந்து ஏடிமெகாவின் ஆர்எக்ஸ் (சீரியல் உள்வரும்) காலுக்கு வரும் வழியில் 1 கே ரெசிஸ்டர் இருக்கிறது. ஆப்டோகப்ளரின் புல்-அப் (வெளியீட்டை 5 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) 470 ஓமும் அதே காலில்தான். யுஎஸ்பி சிப் 0 வோல்ட்டுக்கு இழுத்தாலும் காலில் நிற்பது 5 × 1000 ÷ 1470, அதாவது 3.4 வோல்ட். ஏடிமெகாவுக்கு அது 1. எவ்வளவு நேரம் முயன்றாலும் ஏறாது. ஆப்டோகப்ளருக்கும் ஆர்எக்ஸுக்கும் நடுவில் ஒரு ஜம்பர் வைத்து, ஏற்றும்போது கழற்றிவிட வேண்டியதுதான்.

ஜனவரி 12

சுரங்கள் வருகின்றன, ஆனால் கீபோர்டின் டெம்போ கிளாக்கை ஓடவிட்டால் பெட்டி ஊமையாகிறது. கிளாக்கை நிறுத்திய பிறகும் அப்படியே.

பழி கோடின்மேல்தான் முதலில் விழும். ஆசிலோஸ்கோப்பை 6என்138-இன் 6ஆம் காலில் வைத்தால் கதை வேறு. கீழே விழும் விளிம்பு கத்திபோல் இருக்கிறது. மேலே ஏறும் விளிம்பு வெகு தாமதமாக வருகிறது. 6என்138-க்குள் இருப்பது டார்லிங்டன் ஜோடி (ஒன்றை ஒன்று இயக்கும் இரண்டு டிரான்சிஸ்டர்). அணையும்போது அதன் பேஸில் தேங்கிய சார்ஜ் வெளியேற வழி வேண்டும். அந்த பேஸின் வெளிமுனையான 7ஆம் காலை வெட்டவெளியில் விட்டிருந்தால் அது தானாக வடிய வேண்டும். அணைய ஆகும் நேரம் 35 மைக்ரோசெகண்ட் வரை போகலாம் என்று டேட்டாஷீட்டே சொல்கிறது. மிடியில் ஒரு பிட்டின் நீளமே 32 மைக்ரோசெகண்ட்தான்.

யுஏஆர்டி (ஏடிமெகாவுக்குள் சீரியலைப் படிக்கும் பகுதி) ஒவ்வொரு பிட்டையும் அதன் நடுவில் பார்க்கும். ஏறும் விளிம்பு 16 மைக்ரோசெகண்டுக்கு மேல் பிந்தினால், 0-க்குப் பின் வரும் முதல் 1 தொலைந்துவிடும். கிளாக் பைட் 248, இருமத்தில் 11111000. சிறிய பிட் முதலில் போவதால் கம்பியில் மூன்று 0, பிறகு ஐந்து 1. முதல் 1 தொலைந்தால் 11110000, அதாவது 240. அது சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் (தயாரிப்பாளரின் தனிச் செய்தி) தொடக்கம்! அதற்குப் பிறகு வரும் டேட்டாவையெல்லாம் பார்சர் (பைட்டுகளைச் செய்திகளாகப் பிரிக்கும் நிரல்பகுதி) ஒழுங்காக, விதிப்படி விழுங்குகிறது. கோடு மேல் ஒரு குற்றமும் இல்லை.

இதே தாமதத்தில் ஆக்டிவ் சென்சிங் 254 வந்தால் 252 ஆகும். 252 என்றால் ஸ்டாப். யாரும் தொடாமலே சீக்வென்சர் நின்று நின்று போகிறது என்று யாராவது சொன்னால் முதலில் இந்த விளிம்பைப் பார்க்கலாம்.

சரிசெய்தல்: 7ஆம் காலிலிருந்து கிரவுண்டுக்கு 10 கே, 6ஆம் காலில் புல்-அப் 470 ஓம். புல்-அப்பாகக் கைக்குக் கிடைத்த 10 கே-யைப் போடுவது பரவலான பழக்கம், வேண்டாம். பிரெட்போர்டின் கெப்பாசிட்டன்ஸும் சேர்ந்து விளிம்பை மேலும் சாய்த்துவிடும். 10 கே சேர்த்ததும் விளிம்பு நிமிர்ந்தது, கிளாக்கும் ஓடுகிறது.

புதிதாக வாங்குபவர்களுக்கு எச்11எல்1 நல்லது. ஷ்மிட் டிரிகர் உள்ளேயே இருக்கிறது, 3 வோல்ட்டிலிருந்து ஓடும், 7ஆம் கால் விவகாரமே இல்லை. ஆறு கால் சிப் என்பதால் 6என்138 சாக்கெட்டில் அப்படியே செருக முடியாது, அவ்வளவுதான். கையிலிருக்கும் 6என்138-ஐ 3.3 வோல்ட் போர்டோடு சேர்க்க வேண்டுமானால் சிப்புக்கு 5 வோல்ட் கொடுத்து, புல்-அப்பை மட்டும் 3.3-க்குக் கட்டவும், வெளியீடு ஓப்பன் கலெக்டர் என்பதால் இது செல்லும். 3.3 வோல்ட் போர்டில் மிடி அவுட் வைப்பதானால் இரண்டு 220 ஓம் சரிவராது: 4ஆம் பின்னுக்கு 33 ஓம், 5ஆம் பின்னுக்கு 10 ஓம்.

ஜனவரி 15

பார்சர். மூன்று விதிகள் பார்த்துக்கொண்டால் நின்றுபோகாத சுரம் என்ற நோய் முக்கால்வாசி தீரும். முந்தைய ஸ்டேட்டஸ் பைட்டே (செய்தியின் வகையைச் சொல்லும் முதல் பைட்) தொடர்ந்தால் அனுப்புபவர் அதை மறுபடி அனுப்ப வேண்டியதில்லை (ரன்னிங் ஸ்டேட்டஸ்). நோட் ஆன், விசையை அழுத்திய வேகம் 0 என்றால் நோட் ஆஃப். 248 முதல் 255 வரையுள்ள பைட்டுகள் ஒரு செய்தியின் நடுவிலும் நுழையலாம். அவற்றைத் தனியே கவனித்துவிட்டு, எண்ணிக்கையையும் ரன்னிங் ஸ்டேட்டஸையும் தொடாமல் திரும்ப வேண்டும்.

சோதனைக்கு இந்தப் பைட்டுகளை ஊட்டவும்: 144, 60, 248, 100, 64, 100, 60, 0, 64, 0. வர வேண்டியது: 60 ஆன், 64 ஆன், 60 ஆஃப், 64 ஆஃப். இவற்றுக்கெல்லாம் முன்னால் ஒரு கிளாக். வேறு எது வந்தாலும் பார்சர் தப்பு.

ஜனவரி 16

திரையில் குமிழின் மதிப்பைக் காட்டியதும் சில நோட் ஆஃப்கள் காணாமல் போகின்றன. 128-க்கு 64 திரை என்றால் 1024 பைட். 400 கிலோஹெர்ட்ஸ் ஐ2சி-யில் (திரைக்குப் போகும் இரு கம்பி இணைப்பு) பைட்டுக்கு 9 பிட் வீதம் ஒரு முழு வரைவு சுமார் 23 மில்லிசெகண்ட். ஒரு மிடி பைட் 320 மைக்ரோசெகண்ட், ஆகவே அதற்குள் 72 பைட் வரலாம். ஆர்டுயினோவின் சீரியல் பஃபர் (வந்த பைட்டுகள் காத்திருக்கும் இடம்) 64 பைட். நிதானமாக வாசித்தால் தெரியாது. மாடுலேஷன் சக்கரத்தை உருட்டிக்கொண்டே வாசித்தால் வழியும்.

பஃபரைப் பெரிதாக்குவதைவிடத் திரையை எட்டுப் பட்டைகளாகப் பிரித்து, லூப்பின் ஒரு சுற்றுக்கு ஒரு பட்டை வரைவது மேல். பட்டைக்கு 3 மில்லிசெகண்ட், இடையில் சீரியலைக் காலி செய்துவிடலாம். கிளாக் 100 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் இதெல்லாம் நான்கு மடங்கு.

ஜனவரி 20

டாக். எம்சிபி4822-க்குள்ளேயே 2.048 வோல்ட் ரெஃபரன்ஸ் உண்டு. கெயின் (பெருக்கம்) 2-இல் ஒரு படி சரியாக 1 மில்லிவோல்ட். நான்கு ஆக்டேவோடு முடிந்துவிடும் என்பதால் டிஎல்072-இல் இன்னொரு 2 மடங்கு. இப்போது படிக்கு 2 மில்லிவோல்ட், அதாவது 2.4 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒன்று ஒரு சென்ட்); மிடி எண்ணில் 24ஆம் சுரம் 0 வோல்ட் என்றால் எட்டு ஆக்டேவ் கிடைக்கும்.

எதிர்பார்த்ததில் பாதி மின்னழுத்தம் வந்தால் கட்டளை வார்த்தையின் 13ஆம் பிட்டைப் பார்க்கவும்: 1 என்றால் கெயின் 1, 0 என்றால் 2. தலைகீழாக இருப்பதால் கை தானாகத் தவறும். 12ஆம் பிட் 1 ஆக இருந்தால்தான் சானல் விழித்திருக்கும். டாக்கின் எல்டாக் கால் கிரவுண்டில்.

சுரக் கணக்கில் இரண்டு பொறி. அரைச்சுரத்துக்கு 41.667 படி. அதை 42 என்று முழுமைப்படுத்திப் பெருக்கினால் ஆக்டேவுக்குக் கிட்டத்தட்ட 10 சென்ட் ஏறும், ஐந்து ஆக்டேவில் அரைச்சுரத்தில் பாதி. (சுரம் − 24) × 500 ÷ 12 என்று, பெருக்கிய பிறகு வகுக்கவும். ஆனால் 16 பிட் இன்ட்டில் (முழு எண் வகை) 66 × 500 கொள்ளாது. 90ஆம் சுரத்திலிருந்து ஒலி எங்கேயோ தாவும். லாங் போடவும்.

ஜனவரி 22

ஒரு ஆசிலேட்டரோடு சுருதி சேர்ந்த பெட்டி, இரண்டாவதைச் சேர்த்ததும் இறங்குகிறது. மேலே போகப் போக அதிகம்.

சிவி ஜாக்குக்கு முன்னால் பாதுகாப்புக்காக வைத்த 1 கே-தான் காரணம். ஆசிலேட்டரின் உள்ளீடு 100 கே என்றால் 1 கே-யில் விழுவது சுமார் 1%. ஐந்து வோல்ட்டில் 50 மில்லிவோல்ட், அதாவது சுமார் 60 சென்ட். இரண்டாவதும் சேர்ந்தால் சுமை 50 கே, இழப்பு இரட்டிப்பு. கோடில் ஈடுகட்டினால் கேபிளைப் பிடுங்கும்போதெல்லாம் மறுபடி ஈடுகட்ட வேண்டிவரும்.

1 கே அங்கேயே இருக்கட்டும். ஃபீட்பேக் ரெசிஸ்டரை மட்டும் ஆப்-ஆம்பின் காலிலிருந்து எடுத்து ஜாக் பக்கத்துக்கு மாற்றவும். ஆப்-ஆம்பின் வெளியீட்டுக்கும் மைனஸ் உள்ளீட்டுக்கும் நடுவில் 100 பிகோஃபாரட். 1 கே-யில் விழுவதை ஆப்-ஆம்பே நிரப்பிக்கொள்ளும்; நீளக் கேபிள் செருகினாலும் அலைபாயாது. கேட் ஜாக்கில் 1 கே சும்மா தொடரில் இருந்தால் போதும், அங்கே ஒரு சதவீதம் யாருக்கும் பொருட்டில்லை.

இதன் பிறகுதான் அளவுதிருத்தம். டாக்கின் கெயின் பிழையே 2% வரை இருக்கலாம், எனவே கட்டாயம். ஆனால் 1999 வரை காட்டும் சாதாரண மல்டிமீட்டர் 20 வோல்ட் ரேஞ்சில் 10 மில்லிவோல்ட்டுக்குக் கீழே பார்க்காது. அது 12 சென்ட். காது அதைவிடக் கூர்மை. ஆசிலேட்டரின் சொந்த அளவு சரியென்று தெரிந்தால், ஒரு சுருதிமானியை வைத்து 36-ஐயும் 84-ஐயும் சேர்த்து, இரண்டு புள்ளியில் கெயினையும் ஆஃப்செட்டையும் ஈஈபிராமில் (மின்சாரம் போனாலும் அழியாத நினைவகம்) எழுதவும்.

ஜனவரி 23

கேட்டை உயர்த்தும் முன் டாக்கை எழுத வேண்டும். மாற்றிச் செய்தால் ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் பழைய சுரத்தின் ஒரு துணுக்கு கேட்கும்.

ஜனவரி 27

பிட்ச் பெண்ட் (சக்கரத்தால் சுருதியை இழுப்பது). 14 பிட், கீழ் 7 பிட் முதலில் வரும், நடு 8192. வழக்கமான அளவு மேலும் கீழும் 2 அரைச்சுரம். கமகம் வாசிப்பவர்களுக்கு அது போதாது. கன்ட்ரோலர் 101-இல் 0, 100-இல் 0, 6-இல் 12 என்று அனுப்பி ஒரு ஆக்டேவ் ஆக்கிக்கொள்வார்கள். பெட்டி இந்த மூன்றையும் படித்தாக வேண்டும்.

சிக்கல் அங்கே தொடங்குகிறது. மலிவான கீபோர்டுகளில் பல கீழ் 7 பிட்டை 0-ஆகவே அனுப்புகின்றன. 24 அரைச்சுரத்தை 128 படியாகப் பிரித்தால் படிக்கு 19 சென்ட். இழுப்பு படிக்கட்டாகக் கேட்கிறது. அத்தகைய கீபோர்டில் சக்கரத்தை முழுக்க ஏற்றினாலும் 16256-தான் வரும், 16383 வராது. ஆக்டேவின் உச்சியில் 19 சென்ட் குறை. 16256 வந்தாலும் அதற்கு மேல் எது வந்தாலும் உச்சி என்று எடுத்துக்கொள்வது எளிய தீர்வு.

படிக்கட்டுக்கு: மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, பெண்டின் தற்போதைய மதிப்புக்கும் இலக்குக்கும் உள்ள வித்தியாசத்தில் எட்டில் ஒரு பங்கு நகரவும். பெண்டுக்கு மட்டும், சுரத்தையும் சேர்த்தால் எல்லாமே போர்ட்டமென்டோ (சுரத்துக்குச் சுரம் வழுக்குவது) ஆகிவிடும். மதிப்பை டாக் படியின் 16 மடங்காக வைத்துக் கணக்கிட்டு, எழுதும்போது மட்டும் 16-ஆல் வகுக்கவும். டாக் படியிலேயே முழு எண்ணாகச் செய்தால், வித்தியாசம் 7 ஆனதும் எட்டால் வகுத்தால் 0, நகர்வு நின்றுவிடும். 7 படி 14 மில்லிவோல்ட். ஒவ்வொரு இழுப்பும் இலக்குக்கு 17 சென்ட் முன்னாலேயே உட்கார்ந்துகொள்ளும்.