சேலத்திலிருந்து ஜப்பானுக்கு ரிக்கோடு கிளம்புகிறவர்களுக்கு

ஜப்பானில் ஒரு ஸ்கைடைவிங் கிளப்பில் ரிக்கை, அதாவது பாராசூட் பையை, மாட்டிக்கொண்டு குதிக்கப் போகிறவர்கள் செய்ய வேண்டியதில் முக்கால் பங்கு சேலத்தில் இருக்கும்போதே முடிந்துவிட வேண்டும். பட்டாயாவிலோ துபாயிலோ உரிமம் வாங்கியவர்களுக்கு வேறு பழக்கம் இருக்கும். காலையில் டிராப் ஜோனுக்கு (குதிப்பு மைதானத்துக்கு) போய், லாக்புக்கை (குதிப்புப் பதிவேட்டை) நீட்டி, பணம் கட்டினால் மதியத்துக்குள் இரண்டு குதிப்பு ஆகிவிடும். ஜப்பானில் அந்தக் கணக்கை நம்பிப் போகாதீர்கள்.

காரணம் சட்டத்தில் இருக்கிறது. 1952ல் வந்த ஜப்பான் விமானச் சட்டத்தின் 90வது பிரிவு, அமைச்சரின் அனுமதி பெறாதவர் விமானத்திலிருந்து பாராசூட்டில் இறங்கக் கூடாது என்கிறது. அனுமதி வாங்குவது, வான்வெளிக் கட்டுப்பாட்டோடு பேசுவது எல்லாம் கிளப்பின் வேலை. ஆனால் வெளியாள் ஒருவரைச் சேர்க்கும்போது கிளப் தன் அனுமதியைப் பணயம் வைத்துத்தான் சேர்க்கிறது. அதனால் உங்களைப் பற்றி முன்கூட்டியே எல்லாம் தெரிந்துகொள்ள நினைப்பார்கள். அது நியாயம்தான்.

பயணத்துக்கு நான்கு முதல் ஆறு வாரம் முன்பே கிளப்புக்கு எழுதிவிடுங்கள். உரிமத்தின் வகையும் எண்ணும், மொத்தக் குதிப்புகள், கடந்த 12 மாதக் குதிப்புகள், கடைசியாகக் குதித்த தேதி, வழக்கமாகப் பயன்படுத்தும் கேனோபியின் (விரியும் பாராசூட் துணியின்) அளவு, உயரம், எடை, சொந்த ரிக்கா வாடகை ரிக்கா, எந்தெந்தத் தேதிகள் வசதி, இத்தனையும் முதல் மின்னஞ்சலிலேயே இருக்கட்டும். உரிமம், நடப்பாண்டு உறுப்பினர் அட்டை, லாக்புக்கின் கடைசிப் பக்கங்கள் ஆகியவற்றின் படங்களையும் சேர்த்து அனுப்புங்கள். யு.எஸ்.பி.ஏ. (அமெரிக்கப் பாராசூட் சங்கம்) உரிமம் காலாவதியாகாது, ஆனால் உறுப்பினர் கட்டணம் ஆண்டுதோறும் கட்ட வேண்டியது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். சின்னச் சின்ன வாக்கியமாக எழுதினால் அந்தப் பக்கம் மொழிபெயர்த்துப் படிக்கச் சுலபம். பாதுகாப்பு விளக்கம் ஜப்பானிய மொழியில்தான் நடக்கும் என்று வைத்துக்கொண்டு, மொழி தெரிந்த நண்பர் ஒருவரை அழைத்து வரலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.

எடையை எழுதும்போது ரிக்கோடு சேர்த்து எழுதுங்கள். 72 கிலோ ஆள், 12 கிலோ ரிக் என்றால் 84 கிலோ, அதாவது 185 பவுண்டு. 190 சதுர அடி கேனோபியில் சதுர அடிக்கு 0.97 பவுண்டு வரும். அதே ஆள் 150ல் தொங்கினால் 1.23. ஏ உரிமக்காரர் (ஏ முதல் டி வரையுள்ள உரிமங்களில் முதல் படியில் இருப்பவர்) 1.0க்கு மேல் போக வேண்டாம் என்பது பொது அறிவுரை. வாடகைக்கு 150தான் இருக்கிறது என்று பதில் வந்தால் அந்தப் பயணத்தில் குதிக்காமல் திரும்புவதே சரி.

சேலத்துக்காரர்களுக்கு உள்ள பெரிய சிக்கல் கடைசிக் குதிப்பின் தேதி. பக்கத்தில் நிரந்தர டிராப் ஜோன் இல்லை. காமலாபுரம் விமான நிலையத்தில் முன்பு முகாம் நடந்திருக்கிறது, ஆனால் அதை நம்பிப் பயிற்சியைத் திட்டமிட முடியாது. யு.எஸ்.பி.ஏ. பரிந்துரைப்படி ஏ உரிமக்காரர் 60 நாள், பி உரிமக்காரர் 90 நாள், சி, டி உரிமக்காரர்கள் ஆறு மாதம் குதிக்காமல் இருந்தால் பயிற்சியாளர் மேற்பார்வையில் மீள்பயிற்சி எடுக்க வேண்டும். தெரியாத ஊரில், தெரியாத மொழியில், தெரியாத மைதானத்தின் மேல் அந்த மீள்பயிற்சியை வைத்துக்கொள்ளாதீர்கள். போகிற வழியில் தாய்லாந்தில் இரண்டு நாள் தங்கி நான்கைந்து குதிப்பு முடித்துவிட்டுப் போவது செலவுதான், ஆனாலும் செய்யுங்கள். ரிசர்வ் (மாற்றுப் பாராசூட்) மடித்த தேதி பழசாகியிருந்தால் அதையும் அங்கேயே ரிக்கரிடம் (ரிசர்வ் மடிக்கும் தகுதி பெற்றவரிடம்) கொடுத்து அட்டையில் கையெழுத்து வாங்கிவிடலாம். அமெரிக்க விதிப்படி அதற்கு 180 நாள் கெடு. ஜப்பான் கிளப் எந்தக் கெடுவை ஏற்கிறது என்று மின்னஞ்சலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு, அதைத் தினமும் செய்யலாம். ரிக்கை மாட்டிக்கொண்டு, அல்லது கைப்பிடி இருக்கும் இடத்தில் துணி முடிச்சு கட்டிக்கொண்டு, பார், பிடி, இழு என்று கட்டவே (கட்அவே, கோளாறான முதன்மைப் பாராசூட்டைக் கழற்றிவிடுவது) முதலில், ரிசர்வ் அடுத்து என அவசர முறையைப் பத்துத் தடவை செய்யுங்கள். 2014ல் காமலாபுரத்தில் முதல் குதிப்பிலேயே ஒரு பெண் உயிரிழந்தது இந்த ஊருக்குத் தெரியும். கோளாறான கேனோபியை வைத்துக்கொள்வதா, வெட்டிவிடுவதா என்ற முடிவை ஏ உரிமக்காரர் 2,500 அடிக்கு இறங்குவதற்குள்ளும் மற்ற உரிமக்காரர்கள் 1,800 அடிக்கு இறங்குவதற்குள்ளும் எடுத்தாக வேண்டும். 1,000 அடிக்குக் கீழே கட்டவே கிடையாது. யோசிக்க நேரம் கிடைக்காத உயரங்கள் இவை. கை தானாகப் போக வேண்டும்.

உயரம் என்றதும் அதைக் காட்டும் கருவி, ஆல்டிமீட்டர். காமலாபுரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,000 அடி. டோக்கியோவை ஒட்டிய குதிப்பு மைதானங்கள் ஆற்றுச் சமவெளியில், கடல் மட்டத்துக்குச் சில பத்து அடி மேலே இருப்பவை. இங்கே பூஜ்யம் வைத்த முள் அங்கே பூஜ்யத்துக்குக் கீழே நிற்கும். அது கண்ணுக்குத் தெரிந்துவிடும், திருத்திவிடுவீர்கள். தெரியாமல் ஏமாற்றுவது காற்றழுத்தம். ஒரு ஹெக்டோபாஸ்கல் இறங்கினால் ஆல்டிமீட்டர் சுமார் 28 அடி கூட்டிக் காட்டும். மழை மேகம் நெருங்கும் நாளில் காலைக்கும் மதியத்துக்கும் 10 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் கிட்டத்தட்ட 300 அடி பிசகு, அதுவும் ஆபத்தான பக்கமாக. ஒவ்வொரு முறை ஏறுவதற்கு முன்னும் முள்ளைப் பாருங்கள்.

அலகுகளையும் பழகிக்கொள்ளுங்கள். விமானி அடியில் பேசினாலும் கிளப்பில் மீட்டரும் காதில் விழும். 3,800 மீட்டர் என்றால் சுமார் 12,500 அடி. 900 மீட்டர் என்றால் 3,000 அடிக்குச் சற்றுக் குறைவு, ஏ உரிமக்காரர் அந்த உயரத்துக்கு இறங்குவதற்குள் பாராசூட்டைத் திறந்திருக்க வேண்டும். சேலத்திலிருந்து அண்ணாந்து பார்க்கும் சேர்வராயன் கோயில் உச்சி ஊருக்கு மேலே ஏறக்குறைய 4,400 அடியில் இருக்கிறது. மலையின் மூன்றில் இரண்டு பங்கு உயரம் வரும்போது பாராசூட் விரிந்திருக்க வேண்டும் என்று மனதில் வைத்துக்கொண்டால் 3,000 அடி எவ்வளவு கொஞ்சம் என்பது புரியும்.

காற்றை ஜப்பானில் விநாடிக்கு மீட்டரில் சொல்வார்கள். இரண்டால் பெருக்கினால் கிட்டத்தட்ட நாட், அதாவது மணிக்கு இத்தனை கடல் மைல். 5 மீட்டர் என்றால் மணிக்கு 18 கிலோமீட்டர், பயம் இல்லை. 7 மீட்டர் என்றால் 25 கிலோமீட்டர், மாணவர்களுக்கான எல்லையைத் தாண்டியாயிற்று. 10 என்று கேட்டால் ரிக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள், மற்றவர்கள் ஏறினாலும் சரி.

ரிக்கை எடுத்துப் போவது தனிக் கதை. சேலத்திலிருந்து பறக்கும் சின்ன விமானங்களில் கைப்பைக்கான எடை எல்லை குறைவு. ரிக் அதைத் தாண்டிவிடும். அதனால் சென்னைக்கோ பெங்களூருக்கோ ரயிலில் போய் அங்கிருந்து கிளம்புவதே நிம்மதி. முடிந்தவரை ரிக்கைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், சரக்கில் போட்டால் அடிபடும், தொலையும். ஏ.ஏ.டி.யை (ஆபத்தான உயரத்தில் ரிசர்வைத் தானே திறக்கும் கருவியை) எக்ஸ்ரேயில் விடலாம். சைப்ரஸ் என்ற ஏ.ஏ.டி. வைத்திருப்பவர்கள் அதற்கான எக்ஸ்ரே அட்டையை மேலேயே வையுங்கள், காவலர் கேட்டதும் காட்டலாம். ரிசர்வைத் திறந்து காட்டச் சொன்னால் பொறுமையாக அட்டையைக் காட்டி மேலதிகாரியை அழைக்கச் சொல்லுங்கள். சிக்கிய கயிறுகளை வெட்டும் ஹுக் கத்தி கைப்பையில் இருக்கக் கூடாது, அதைச் சரக்குப் பெட்டிக்கு மாற்றுங்கள். உதிரி லித்தியம் பேட்டரி நேர்மாறு, கைப்பையில்தான் வர வேண்டும். ஏ.ஏ.டி.யை டோக்கியோ ஓட்டலில் போடாமல், டிராப் ஜோன் தரையில் நின்று போடுங்கள். சைப்ரஸ் 14 மணி நேரத்தில் தானே அணைந்துவிடும்.

எங்கே குதிப்பது? டோக்கியோவுக்குப் பக்கத்தில் சைத்தாமா மாகாணத்தின் ஒகேகாவாவில், அரகாவா ஆற்றங்கரையில் ஹோண்டா விமானத் தளம் இருக்கிறது. டோக்கியோ ஸ்கைடைவிங் கிளப் இயங்குவது அங்கேதான். உயேனோவிலிருந்து தகாசாகி ரயிலில் சுமார் 40 நிமிடம். இன்னும் வடக்கே தொச்சிகியின் ஃபுஜியோகாவில் வதராசே நீர்த்தேக்கச் சமவெளியில் ஒரு களம். மேற்கே ஹியோகோ மாகாணத்தின் தொயோஒக்காவிலும் குதிக்கிறார்கள். சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள், வார நாட்களில் கதவு பூட்டியிருக்கலாம். ஒகேகாவாவில் காற்று அடங்கக் காத்திருக்கும் நாளில், பழைய ராணுவப் பறக்கும் பள்ளிக் கட்டடத்தில் 2020ல் திறந்த அமைதி நினைவகத்தைப் போய்ப் பாருங்கள், பக்கம்தான்.

பருவம் பார்க்காமல் டிக்கெட் போடாதீர்கள். நமக்குப் பள்ளி விடுமுறை என்று மே மாதம் போனால், ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அவர்களுக்கும் தொடர் விடுமுறை. டேண்டம் (பயிற்சியாளரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு குதிக்கும்) வாடிக்கையாளர் கூட்டத்தில் உங்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஜூனிலிருந்து ஜூலை நடுவரை கார்காலம், மேகம் தாழ்ந்தே கிடக்கும். ஆடிப்பெருக்கு சமயம் வெயில் நன்றாக அடிக்கும், ஆனால் பிற்பகலில் இடி மேகம் எழும். பிறகு அக்டோபர் வரை புயல்கள். அக்டோபர் கடைசியும் நவம்பரும் நல்ல நாட்கள்.

பொங்கல் விடுமுறையில் போகிறவர்கள் இரண்டு விஷயங்களுக்குத் தயாராக வேண்டும். முதலாவது குளிர். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். தரையில் 5 டிகிரி என்றால் 3,800 மீட்டரில் மைனஸ் 20. ஏற்காட்டு மார்கழிக் குளிர் இதன் பக்கத்தில் வராது. கையுறை கட்டாயம், ஆனால் தடித்த கையுறையில் கைப்பிடி உணரத் தெரியாது. அதை மாட்டிக்கொண்டே தரையில் கட்டவே, ரிசர்வ் கைப்பிடிகளைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். முழுமுக ஹெல்மெட்டின் கண்ணாடி மூச்சில் பனிக்கும், கதவு திறக்கும்வரை சற்றுத் திறந்தே வையுங்கள்.

இரண்டாவது மேல்காற்று. குளிர்காலத்தில் ஜப்பான் வானில் ஓடும் ஜெட் காற்று உலகிலேயே வலுவானவற்றில் ஒன்று. தரையில் இலை அசையாத நாளிலும் குதிக்கும் உயரத்தில் 40, 50 நாட் இருக்கலாம். விமானம் 85 நாட் வேகத்தில் 45 நாட் காற்றை எதிர்த்து வந்தால் தரைக்கு அது 40 நாட்தான். சின்னக் குழுக்களுக்கு இடையே 1,000 அடி இடைவெளி வேண்டும். காற்றில்லாத நாளில் அதற்கு 7 விநாடி போதும். இந்த நாளில் 15 விநாடி. பழக்க தோஷத்தில் 7 எண்ணிக் குதித்தால் முன்னால் போனவரின் தலைக்கு மேல் போய்த் திறப்பீர்கள். விமானத்தில் ஏறும் முன்பே இன்றைக்கு எத்தனை விநாடி என்று கேளுங்கள். விரலால் காட்டினால் போதும். தனியாகவும் குழுவாகவும் குதிப்பவர்களுக்குப் பிறகே டேண்டம் இறங்கும், அவை உயரத்திலேயே விரியும். திறந்த பிறகு மேலே பார்க்கும் பழக்கம் வேண்டும்.

தரையைப் பற்றி இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விருந்தாளிகள் அடிபடுவது பெரும்பாலும் மைதானத்துக்கு வெளியே இறங்கும்போதுதான். வான்படத்தை வைத்துக்கொண்டு ஆறு எங்கே, உயர் அழுத்தக் கம்பி எங்கே, வரிசையாக வரும் கோபுரங்கள் எந்தத் திசையில் ஓடுகின்றன, மாற்று இறங்குமிடம் எது என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் கேளுங்கள். மேலிருந்து கம்பி தெரியாது, கோபுரம்தான் தெரியும். இரண்டு கோபுரம் தெரிந்தால் நடுவே கம்பி உண்டு. 2,000 அடியில் மைதானம் எட்டாது என்று தோன்றினால் அப்போதே மாற்று இடத்தை முடிவு செய்யுங்கள். 500 அடி வரை ஆசைப்பட்டுக் காத்திருப்பவர்தான் கம்பியில் போய் நிற்கிறார். அப்படிச் சிக்கித் தொங்க நேர்ந்தால் யாரையும் தொட விடாதீர்கள், மின்சாரம் நிறுத்தியது உறுதியாகும்வரை அசையாதீர்கள்.

மே, ஜூனில் நடவு முடிந்த வயல் மேலிருந்து கண்ணாடி போல இருக்கும். தண்ணீர்ப் பரப்பில் உயரம் கணிக்க முடியாது, ஃப்ளேர் (தரை தொடும் முன் இரு கைப்பிடிகளையும் இழுத்து வேகம் குறைப்பது) சீக்கிரம் அடித்துவிடுவீர்கள். சேற்றில் கால் புதைந்து உடல் முன்னே போகும், முட்டி போகும். காலைச் சேர்த்து வைத்து உருண்டு விழத் தயாராக வாருங்கள். விழுந்த பிறகு பயிரை மிதித்துக் குறுக்கே நடக்காமல் வரப்புக்கு வந்து சுற்றிப் போங்கள். கேனோபியை இழுக்காமல் சுருட்டித் தூக்குங்கள். விவசாயி வந்தால் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கிளப்பிடம் உடனே சொல்லுங்கள். அந்த வயல்காரர்களோடு கிளப் ஆண்டுக்கணக்கில் கட்டிக் காத்துவரும் உறவு அது. ஒரு விருந்தாளியால் கெடக் கூடாது.

வதராசேயில் நாணல் காடு. 2012 முதல் ராம்சார் ஈரநிலம். ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் நாணலுக்குள் வாய்க்கால் மறைந்திருக்கும், ஆளையும் தேட முடியாது. நாணலைத் தவிர்த்துப் பாதையைக் குறிவையுங்கள். தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் மார்புப் பட்டையைத் தளர்த்தி, காற்றை எதிர்த்துத் திரும்பி, காலைச் சேர்த்து இறங்குங்கள். கால் நனையும் முன் கட்டவே செய்யக் கூடாது. நனைந்த பிறகு தொடைப் பட்டைகளைக் கழற்றி, கேனோபியை விட்டு எதிர்ப்பக்கம் நீந்தி விலகுங்கள். தண்ணீர்ப் பயிற்சி இல்லாத ஏ உரிமக்காரர்கள் இதை முன்பே நீச்சல்குளத்தில் ஒரு தடவையாவது செய்து பாருங்கள்.

கிளப்பில் நடந்துகொள்வது கஷ்டமில்லை. பேக்கிங் விரிப்பின் ஓரத்தில் மற்றவர்கள் காலணி விட்டிருந்தால் நீங்களும் விடுங்கள். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே நில்லுங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். மிகி வலது, ஹிதாரி இடது, மத்தே என்றால் நில், அபுனாய் என்றால் ஆபத்து. முதல் குதிப்பைத் தனியாக, வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் செய்யுங்கள், கேமரா வேண்டாம். 1,000 அடியில் காற்றோடு, 600ல் குறுக்கே, 300ல் காற்றை எதிர்த்து என்ற சுற்றில் எந்தப் பக்கத் திருப்பம் என்று கேட்டு அதை மட்டும் சரியாகச் செய்துவிட்டால், அடுத்த ஏற்றத்தில் சேர்ந்து குதிக்க அவர்களே கூப்பிடுவார்கள்.

சாதாரணப் பயணக் காப்பீட்டில் பெரும்பாலும் ஸ்கைடைவிங் சேராது. விலக்குகள் என்ற பகுதியைப் படித்துவிட்டு, தேவையானால் சாகச விளையாட்டுச் சேர்க்கையோடு வாங்குங்கள், எலும்பு முறிவுச் சிகிச்சையும் ஊருக்குத் திரும்பக் கொண்டுவரும் செலவும் அதில் இருக்க வேண்டும். அதன் எண், ரத்த வகை, சேலத்தில் தொடர்புகொள்ள வேண்டியவரின் பெயர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி ஜம்ப்சூட் பையில் வையுங்கள். ஆம்புலன்ஸுக்கு 119, காவல்துறைக்கு 110.