பூமாலையும் அக்டோபரும்

1987 ஜூன் 4. யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்ட ஐந்து ஏஎன்-32 விமானங்கள் கிளம்பியது நம்ம பெங்களூரிலிருந்துதான். 'பூமாலை' நடவடிக்கை. மொத்தம் சுமார் 25 டன். அத்தனை ஜனத்துக்கு அது எத்தனை வேளைக்குக் காணும்? ஆனாலும் 'இந்தியா வந்துவிட்டது' என்று நம்பினார்கள். ஜூலை கடைசியில் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்திய அமைதிப்படை போய் இறங்கியபோது மாலை போட்டே வரவேற்றார்கள்.

அக்டோபரில் புலிகளோடு சண்டை மூண்டது. ஷெல்லடி, ஊரடங்கு, வீடு வீடாகத் தேடுதல். 21ஆம் தேதி யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் படை நுழைந்து சுட்டதில் நோயாளிகளோடு மருத்துவர்களும் தாதியரும் செத்தார்கள். அப்புறம் எந்த உணவுப் பொட்டலத்தைச் சொல்லிக்காட்டுவது?

பெங்களூர் அல்சூர் டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தால், "நம்ம பசங்களும் ஆயிரத்துக்கு மேல செத்தாங்களே, நன்றி வேண்டாமா?" என்பார்கள். பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைய இருக்கிற பகுதி, அந்த வலி நியாயம்தான். நன்றிக் கணக்கு மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. தமிழ்நாட்டிலேயே அப்போது மனநிலை வேறாகத்தான் இருந்தது. 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை.