ஓய்வு மட்டும் வேண்டாம்

"ஸ்ட்ரெட்ச் எவ்வளவு வேணும்னாலும் குடுங்க மேடம், ஓய்வு மட்டும் சொல்லிடாதீங்க" என்று பிசியோதெரபிஸ்டான என்னிடம் சொன்னார் கோச். மாநிலப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. சரி என்றேன். அவர் கேட்டதில் தப்பு இருந்ததா, நான் ஒப்புக்கொண்டதிலா என்று இன்னமும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பையன் ஈட்டி எறிபவன், 700 கிராம் பிரிவு. தோளின் பின்பக்கம் வலி. மல்லாக்கப் படுக்கவைத்து அளந்தேன். எறியும் கை உள்பக்கமாக 45 டிகிரி திரும்பியது, மற்றக் கை 63. 'இறுக்கம்தான், நீட்டிவிட்டால் சரியாகிவிடும்' என்று கோச்சுக்கு நிம்மதி. ஆனால் வெளிப்பக்கமாக அதே கை 108, மற்றது 90. கூட்டினால் இரண்டுமே 153. சின்ன வயதிலிருந்து எறிபவர்களுக்கு மேற்கை எலும்பே சற்றுப் பின்னோக்கி முறுகிய வாக்கில் வளர்ந்துவிடும். ஒரு பக்கம் குறைவது மறுபக்கம் கூடும். எலும்பை எந்த ஸ்ட்ரெட்ச்சாலும் மாற்ற முடியாது.

இதைச் சொல்லவும் செய்தேன்.

"அப்ப ஸ்ட்ரெட்ச் வேண்டாமா?"

"செய்யட்டும் சார். ஆனா எறியற எண்ணிக்கையைக் குறைக்கணும்."

"அதை நான் பார்த்துக்கறேன்."

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசியிருக்கலாமா? ஓய்வு சொல்கிற பிசியோவிடம் அடுத்த முறை பையனையே கூட்டி வரமாட்டார்கள். மாநிலப் பதக்கம் என்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி சீட், அந்த வீட்டுக்கு அது சின்ன விஷயமில்லை. ஸ்ட்ரெட்ச் வீணும் இல்லை. நிறைய எறிந்த மறுநாள் தோளின் பின்தசைகள் பிடித்துக்கொள்ளும், அதை இது இளக்கும். ஒருக்களித்துப் படுத்து முன்கையைத் தரையை நோக்கி அழுத்தும் ஸ்லீப்பர் ஸ்ட்ரெட்ச், வலி இருக்கிற தோளில் முன்பக்கம் சுருக்கென்று குத்தலாம். அதனால் கையை மார்புக்குக் குறுக்கே இழுத்து 30 விநாடி பிடிப்பதை மட்டும் கொடுத்தேன். கூடவே ரப்பர் பேண்ட் பயிற்சியும் எழுதிக் கொடுத்தேன். அதைச் செய்தானா, தெரியாது.

நார்வே ஹேண்ட்பால் அணிகளில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில், ஸ்ட்ரெட்ச்சும் அடங்கிய ஒரு பயிற்சியைச் செய்தவர்களுக்குத் தோள் பிரச்சினைகள் 28 சதவீதம் குறைந்தன. ஆனால் அந்தப் பயிற்சியில் தோள்பட்டைக்கான பலமும் மேல்முதுகு அசைவும் சேர்ந்தே இருந்தன. ஸ்ட்ரெட்ச்சின் பங்கு எவ்வளவு என்று அதை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. கோச்சிடம் எல்லாவற்றையும்தான் விளக்கினேன். யாருக்கும் எதுவும் நஷ்டமில்லாத ஒன்றுதான் அவர் காதில் ஏறியது. ஒருவேளை எனக்கும் அது வசதியாக இருந்ததோ என்னவோ.

போட்டியில் பையன் வெள்ளி வாங்கினான், தோள் வலி இல்லாமல். அடுத்த சீசனில் திரும்ப வந்தபோது முழங்கையின் உள்பக்கம் வலி. எறிகிற கையில் சுமை தோளோடு நிற்பதில்லை. ஆனால் கோச்சுக்கு என்மேல் அவ்வளவு மரியாதை. "தோளுக்கு ஒண்ணுமே ஆகலை மேடம், உங்க ஸ்ட்ரெட்ச்தான் காப்பாத்துச்சு" என்றார். "முழங்கைக்கும் அதே மாதிரி ஒண்ணு சொல்லுங்க."