புத்தகத்தில் ஒரு மர முத்திரை

வெளிநாட்டுப் புத்தகங்கள் பலவற்றின் பதிப்புரிமைப் பக்கத்தில், சரிக்குறியே மரமாக வளர்ந்த மாதிரி ஒரு சின்ன முத்திரை இருக்கும். எஃப்.எஸ்.சி. (Forest Stewardship Council) முத்திரை அது; காட்டைப் பொறுப்பாகப் பராமரித்து எடுத்த மரம் என்று சான்று தர 1993இல் தொடங்கிய அமைப்பு. காடு, கூழ் ஆலை, தாள் வியாபாரி, அச்சகம் என்று கைமாறும் ஒவ்வொரு இடத்துக்கும் சான்று இருந்தால்தான் அந்த முத்திரையைப் போடலாம். பதிப்பாளர் நல்ல தாளாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தால் மட்டும் போதாது. முத்திரையில் 'மிக்ஸ்' (கலப்பு) என்று இருந்தால், முழுக்கச் சான்று பெற்ற காட்டு மரம் என்றும் அர்த்தமில்லை.

யாழ்ப்பாணத்தில் முந்நூறு பிரதி அடிக்கிறவரிடம் இதைக் கேட்டால் சிரிப்பார். வருடா வருடம் தணிக்கை, கட்டணம், கட்டுபடியாகாது. போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது கொப்பித் தாளில் பத்திரிகை அச்சடித்த ஊர் இது. (கிழக்கிலங்கையின் வாழைச்சேனைக் காகித ஆலையில் வைக்கோலில் தாள் செய்தார்கள். அதற்கு யார் முத்திரை குத்தினார்கள்?)

என்னைக் கேட்டால், ஆயிரம் அடித்து எழுநூறைக் கட்டிலுக்குக் கீழே அடுக்குவதை முதலில் நிறுத்தலாம். வெளியீட்டு விழாவுக்கு வேண்டியதை மட்டும் அடித்துவிட்டு, மிச்சத்தைக் கேட்கக் கேட்க டிஜிட்டலில் அடிக்கலாம். அப்புறம் அண்ணைமார், அந்த லாமினேஷனையும் கொஞ்சம் யோசியுங்கோ. பிளாஸ்டிக் ஒட்டிய அட்டையை மறுசுழற்சி செய்வது பெரும்பாடு.