மஞ்சள் வயர்

புதிய தட்டைத்திரை டிவி வந்த முதல் வாரம் முழுக்க எனக்கு ஏமாற்றம்தான். முகங்கள் பக்கவாட்டில் இழுத்துவிட்டதுபோல் அகன்றிருந்தன. எழுத்துகளின் ஓரம் பிசிறடித்தது. பாவம், டிவியைத்தான் குறை சொன்னேன்.

பின்புறம் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. இணைப்புக் கொடுக்க வந்தவர் பழைய மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரையே மாட்டிவிட்டுப் போயிருந்தார். அந்த மஞ்சள் வயரில் எச்டி எனும் உயர்தெளிவுப் படம் வராது. பக்கத்திலேயே, எச்டி படத்துக்கான எச்டிஎம்ஐ துளை காலியாக இருந்தது!

வயரை மாற்றினேன். செட்டாப் பாக்ஸ் அமைப்பில் படத்தின் அகல, உயர விகிதத்தை அகலத்திரைக்கு ஏற்ற 16:9 என்று தேர்ந்தெடுத்தேன். செய்தி வாசிப்பவரின் காதோர நரைமுடி இழை இழையாகத் தெரிந்தது.

மாதாமாதம் எச்டிக்குப் பணம் வாங்குபவர்கள் இதைச் சொல்லித்தர வேண்டாமா? எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. அகலம் குறைந்த 4:3 அளவில் எடுத்த பழைய நிகழ்ச்சிகள் இருபுறமும் கறுப்புப் பட்டையோடு வருகின்றன. அவற்றை இழுக்காமல் அப்படியே பார்க்கிறேன்.