ஓடையே வளர்க்கும் மீன்

குளிர்ந்த நன்னீரில் வாழும் டிரவுட் மீன்கள், காட்டு மீன்களாகத் தாமாகவே முட்டையிட்டுப் பெருகும் ஓடைகளில் பண்ணை மீன்களைக் கொண்டுவந்து விடுவதை நான் எதிர்க்கிறேன். நானும் தூண்டில் போடுபவன்தான். ஆகவே இது மீன்பிடிப்பவர்கள் மீதான கோபமன்று. மீன் குறைந்தால் லாரியில் கொண்டுவந்து கொட்டிக் கூட்டிவிடலாம் என்ற கணக்கைத்தான் நான் ஏற்கவில்லை.

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உயிரியலாளர் டிக் வின்சென்ட் இந்தக் கணக்கை ஆற்றிலேயே சோதித்துப் பார்த்தார். மேடிசன் ஆற்றின் ஒரு பகுதியில் பண்ணை மீன் விடுவதை நிறுத்தியதும் காட்டு மீன்கள் பெருகின. அதுவரை வெளிமீன் விடப்படாத ஓடெல் ஓடையில் விடத் தொடங்கியதும் அங்கிருந்தவை குறைந்தன. 1974இல் காட்டு டிரவுட் வாழும் ஆறுகளிலும் ஓடைகளிலும் மீன் விடுவதை அம்மாநிலம் கைவிட்டது. (மேடிசனின் பிரவுன், ரெயின்போ டிரவுட்களின் மூதாதைகளும் மனிதர் கொண்டுவந்தவைதாம் என்பதை மறைக்க விரும்பவில்லை, ஆனால் பல தலைமுறைகளாக அவற்றைச் சலித்தெடுத்தது அந்த ஆறு.)

காரணம் புரியாததன்று. ஓடையில் ஒவ்வொரு டிரவுட்டுக்கும் ஓர் இடமுண்டு: நீரின் வேகம் தணியும் ஒரு கல்லின் மறைவில் நின்று, இழுப்பில் வரும் பூச்சிகளை அதிகம் அலையாமல் பிடித்துக்கொள்ளும். தொட்டியின் நெரிசலில் தீவனம் தின்று வளர்ந்த மீன்கள் திடீரெனக் கூட்டமாக வந்து சேரும்போது அந்த ஒழுங்கு குலைகிறது. காட்டு மீன் இடத்துக்காகப் போராடியே சக்தியை இழக்கிறது, வந்தவற்றிலும் பெரும்பாலானவை நெடுநாள் பிழைப்பதில்லை.

பிழைத்தவை இனப்பெருக்கம் செய்தால் அது இன்னொரு சிக்கல். ஆரிகன் மாநிலத்தின் ஹூட் ஆற்றில், கடலுக்குச் சென்று திரும்பும் ரெயின்போ டிரவுட்டான ஸ்டீல்ஹெட்டை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவின்படி, பண்ணையில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், இயற்கை நீரில் சந்ததி பெருக்கும் திறன் ஏறத்தாழ 40 சதவீதம் குறைகிறது. பண்ணை மீன்களோடு நோயும் பயணம் செய்யும்; டிரவுட் குஞ்சுகளைச் சுழன்று சுழன்று நீந்தவைக்கும் சுழல் நோய் பரவியதில் அவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

முட்டையிட வழியில்லாத குளத்திலோ, வெளியே மீன் தப்பிச் செல்லாத நீர்த்தேக்கத்திலோ விடட்டும்; எனக்கு மறுப்பில்லை. ஓடைக்கென ஒதுக்கும் பணம் மட்டும் கரையோர மரநிழலுக்கும், பெண்மீன் வாலால் குழிபறித்து முட்டையிடும் சரளைப்படுகையில் வண்டல் படியாமல் காப்பதற்கும் போகட்டும்.